நிலமில்லாதவனுக்கு யார் ஜாமீன்?

(நண்பர்கள் கூட்டிய சட்ட வாசிப்புக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுநடை சில இடங்களில் அப்படியே விடப்பட்டுள்ளது.)



நிலத் தகராறில் நடக்கிற கொலை, அதில் போடப்படுகிற கூட்டுச்சதி வழக்கு, அந்த வழக்கில் ஜாமீன். இதைப்பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். நான் வக்கீல் இல்லை. வங்கியில் கிளார்க். கொஞ்சம் கவிதை எழுதுகிறவன். ‘என்னை ஏம்ப்பா கூப்பிடறீங்க’ன்னு கேட்டேன். ‘ஜாமீன்னா என்னன்னு பேங்க்காரனைவிட எவனுக்குத் தெரியும்’னாங்க. அதுவும் சரிதான். கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு தினமும் நான் கேட்கிற கேள்வி இரண்டு. ‘நிலம் இருக்கா? ஜாமீன் போட ஆள் இருக்கா?’ கோர்ட்டும் இதே இரண்டு கேள்வியைத்தான் கேட்கிறது. நான் கேட்டால் கடன் நின்றுபோகும். கோர்ட் கேட்டால் ஆள் உள்ளேயே நின்றுபோவான்.

நிலத்துக்காக நடக்கிற கொலை வழக்கில் தீர்ப்பு வர வருஷக்கணக்காகும். ஆனால் யார் ஊரில் இருப்பது, யார் சிறையில் இருப்பது, யார் நிலத்தில் இருப்பது என்பதெல்லாம் ஜாமீன் உத்தரவு வருகிற அன்றைக்கே முடிவாகிவிடுகிறது. நம்ம சனம் தீர்ப்பு நாளைக்கு லாரி பிடித்துப் போகிறது. ஜாமீன் நாளைக்கு ஒருத்தரும் போவதில்லை. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மிச்சமெல்லாம் இதற்கு விளக்கம்.

முதலில் நிலம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கையின் பேரில் 1892-இல் வெள்ளைக்கார அரசு நம் சனத்துக்குத் தரிசு நிலங்களை ஒதுக்கியது. பஞ்சமி நிலம். மாகாணம் முழுக்க 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. முதல் பத்து வருஷம் விற்கக்கூடாது, அடமானம் வைக்கக்கூடாது, குத்தகைக்கு விடக்கூடாது. அதற்குப் பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவருக்குத்தான் விற்கலாம். வேறு யாருக்குக் கைமாறினாலும் செல்லாது. நிபந்தனை இவ்வளவு தெளிவாக இருந்தும் நிலம் எங்கே? கைநாட்டு வாங்கி, சாராயம் வாங்கிக் கொடுத்து, கல்யாணக் கடனுக்கு எழுதி வாங்கிப் போய்விட்டார்கள். இன்றைக்கு அந்த நிலத்துக்குக் கிரயப் பத்திரம் இருக்கும், பட்டா இருக்கும், வில்லங்கச் சான்றும் சுத்தமாக இருக்கும். பழைய ரெவின்யூ பதிவேட்டைப் புரட்டினால்தான் நம் பேர் வெளியே வரும். அதைப் புரட்டச் சொல்லிக் கேட்கிறவன்தான் ஊருக்குப் பகையாளி. 1994 அக்டோபர் 10 அன்று காரணை பஞ்சமி நிலத்தைக் கேட்டுச் செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது போலீஸ் சுட்டதில் ஜான் தாமசும் ஏழுமலையும் செத்தார்கள். நிலம் கேட்பதற்கு நம் மாநிலத்தில் விலை என்ன என்பதற்கு அது போதும்.

இனி சதி. அரிவாள் எடுத்தவன் வேறு, அரிவாள் எடுக்கச் சொன்னவன் வேறு. நிலக் கொலையில் இது இன்னும் கூடுதல். நிலம் எவன் கைக்குப் போகிறதோ அவன் சம்பவ இடத்தில் இருக்கவே மாட்டான். கல்யாண வீட்டில் மொய் எழுதிக்கொண்டிருப்பான். இல்லை, ஆஸ்பத்திரியில் படுத்திருப்பான். இவனைப் பிடிக்கத்தான் கூட்டுச்சதிப் பிரிவு. பழைய தண்டனைச் சட்டத்தில் 120-பி. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் 61. கொலை 302 ஆக இருந்தது, இப்போது 103. எண்தான் மாறியிருக்கிறது.

இந்தப் பிரிவு எதற்கென்று புரிய வெண்மணிக்குப் போக வேண்டும். 1968 டிசம்பர் 25. 44 பேர். நாகப்பட்டினம் செஷன்ஸ் கோர்ட் பண்ணையார் தரப்பில் சிலரைத் தண்டித்தது. 1973-இல் உயர்நீதிமன்றம் எல்லாரையும் விடுவித்தது. நிறைய நிலம் உள்ள பணக்காரர்கள், கார் வைத்திருக்கிறவர்கள்கூட இருக்கிறார்கள், இப்படிப்பட்டவர்கள் வேலைக்காரர் துணையில்லாமல் தாங்களே நடந்து போய்க் குடிசைக்குத் தீ வைத்திருப்பார்கள் என்று நம்ப முடியவில்லை என்ற பொருளில் அந்தத் தீர்ப்பு பேசியது. தோழர்களே, கார் வைத்திருக்கிறவன் நடந்துபோக மாட்டான் என்பது நமக்கும் தெரியும். நடந்துபோகாதவனைக் கேள்வி கேட்கத்தானே சதிப் பிரிவு இருக்கிறது! நடக்கவில்லை என்பதே அவனுக்கு விடுதலைப் பத்திரமாகிவிட்டால், பிறகு அந்தப் பிரிவு யாருக்கு?

மகாராஷ்டிரத்தில் கயர்லாஞ்சி. 2006 செப்டம்பர் 29. போட்மாங்கே குடும்பத்தில் தாய், மகள், இரண்டு மகன்கள் என்று நாலு பேர். அவர்கள் நிலத்தின் வழியாகப் பாதை போடுகிற தகராறு பின்னணியில் இருந்தது. ஊரே திரண்டு வந்து செய்த வேலை. 2008-இல் பண்டாரா கோர்ட் எட்டுப் பேரைத் தண்டித்தது. ஆனால் சதி நிரூபிக்கப்படவில்லை, வன்கொடுமைச் சட்டமும் பொருந்தாது என்றது. கொன்றது உண்மை, ஆனால் யாரும் யாரோடும் பேசி வைத்துக்கொண்டு வரவில்லையாம்.

இப்ப ஜாமீன் மனுவுக்கு வருவோம். ஏவிவிட்டவனுடைய மனு எப்படி இருக்கும்? ‘மனுதாரர் கௌரவமான குடும்பத்தைச் சேர்ந்தவர். சம்பவ இடத்தில் இல்லை. உடன் எதிரி போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைத் தவிர வேறு ஆதாரம் கிடையாது. இது சிவில் நிலத் தகராறு, சாதிக்கு இதில் இடமில்லை. ஊரில் சொந்த வீடு, நிலம் இருப்பதால் ஓடிப்போக மாட்டார்.’ ஐந்து வரி. கடைசி வரியைக் கவனியுங்கள். எந்த நிலத்துக்காகக் கொலை நடந்ததோ, அந்த நிலத்தைக் காட்டியே ஜாமீன் கேட்கிறான்!

ஒவ்வொரு வரிக்கும் பதில் இருக்கிறது. ‘சாதி இல்லை, நிலத் தகராறுதான்’ என்பதற்கு 2020-இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னதைக் கொண்டு வருவார்கள். அது, நிலத் தகராறுக்கிடையே வீட்டுக்குள் திட்டியதாகச் சொல்லப்பட்ட வழக்கு. கொலை வழக்கு அல்ல. வன்கொடுமைச் சட்டத்தில் தாழ்த்தப்பட்டவர் நிலத்தை ஆக்கிரமிப்பதே தனிக் குற்றம். பிரிவு 3(1) எஃப், ஜி. கொலை போன்ற பெருங்குற்றத்துக்கு 3(2)(v). முன்பு ‘சாதியின் காரணமாக’ செய்தான் என்று காட்ட வேண்டியிருந்தது. 2016 ஜனவரி 26-இல் நடைமுறைக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, அடிபட்டவன் என்ன சாதி என்று ‘தெரிந்து’ செய்திருந்தாலே போதும். ஒரே ஊர்க்காரனுக்கு நாம எந்தத் தெரு என்று தெரியாதா? குடும்பத்தைத் தெரிந்தவன் என்றால் சாதியும் தெரியும் என்றே கோர்ட் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் கொடுக்கிறது.

‘வேறு ஆதாரம் இல்லை’ என்பதற்கு என்ன பதில்? இந்த இடத்தில் வங்கிக்காரன் பேசலாம். சதிக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருக்காது. பணம் இருக்கும். எந்தக் கணக்கிலிருந்து எவ்வளவு எடுத்தான், அடுத்த நாள் யார் வீட்டில் வண்டி வாங்கினார்கள், வக்கீல் பீசை யார் கட்டினார்கள், யார் போனிலிருந்து யாருக்குப் பேச்சு போனது. கேட்டால் கிடைக்கிற தாள்கள் இவை. போலீஸ் கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால், கேட்கவில்லை என்பதை ஜாமீன் மனு விசாரணையிலேயே நம் பக்கம் சொல்ல வேண்டும்.

நம்மால் சொல்ல முடியுமா? முடியும். பலருக்குத் தெரியாத விஷயம் இது. வன்கொடுமைச் சட்டத்தில் 15-ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. எதிரி ஜாமீன் கேட்டால் பாதிக்கப்பட்டவருக்கு முன்கூட்டியே தகவல் கொடுக்க வேண்டும். அவர் வந்து பேசினால் கோர்ட் கேட்க வேண்டும். 2021-இல் ஹரிராம் பாம்பி வழக்கில், ராஜஸ்தான் கொலை வழக்கொன்றில், இப்படித் தகவல் கொடுக்காமல் உயர்நீதிமன்றம் கொடுத்த ஜாமீனை உச்சநீதிமன்றம் ரத்து செய்தது. புருஷனை வெட்டக் கொடுத்த ஒரு பொம்பளை, கைநாட்டு வைக்கிறவள், அந்தக் கோர்ட்டில் நின்று ‘எனக்குச் சொல்லாம எப்படிய்யா விட்டீங்க’ன்னு கேட்கலாம். சட்டம் அந்த இடத்தை அவளுக்குக் கொடுத்திருக்கிறது. முன்ஜாமீனுக்குப் பிரிவு 18 தடை போடுகிறது. 2018 மார்ச்சில் அந்தத் தடையைத் தளர்த்திய தீர்ப்பு வந்தது. ஏப்ரல் 2-இல் நாடு முழுக்க நம்மாட்கள் தெருவுக்கு வந்தார்கள். அந்த வருஷமே 18-ஏ திருத்தம் வந்தது. தெருவில் நின்றதால் வந்த பிரிவு அது.

இனி மறுபக்கம். இதைப் பேசாமல் போனால் பாதிதான் பேசியதாக ஆகும். நிலம் கேட்டுக் கொட்டகை போட்ட இடத்தில் ஒரு சாவு விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பக்கத்து ஆள். யார் செய்தான் என்பது வேறு. எஃப்.ஐ.ஆரில் ‘மற்றும் சிலர்’ என்று இருக்கும். அந்த ‘சிலர்’ யார் என்பதைப் பிறகு நிரப்பிக்கொள்வார்கள். நில மீட்புச் சங்கத்துச் செயலாளர், மனு எழுதிக் கொடுத்த வாத்தியார், கூட்டத்துக்கு இடம் கொடுத்த டீக்கடைக்காரர், எல்லாரும் சதி. நிலம் கேட்டுக் கூடிய கூட்டமே சதி ஆலோசனை ஆகிவிடும். இங்கேயும் போலீசிடம் கொடுத்த வாக்குமூலத்தைத் தவிர ஒன்றும் இருக்காது. போலீசிடம் சொன்ன வாக்குமூலம் சாட்சியமாகாது என்ற அதே வாதம் இங்கேயும் செல்லும். அந்த வாதம் தப்பில்லை தோழர்களே. அவனுக்குச் சொல்ல வக்கீல் இருக்கிறார், இவனுக்கு இல்லை. அதுதான் தப்பு.

வக்கீல் கிடைத்து ஜாமீனும் கிடைத்துவிட்டது என்று வையுங்கள். ‘இரண்டு நபர் ஜாமீன்’ என்று உத்தரவு. வி.ஏ.ஓ. சான்று, சொத்து மதிப்பு, வீட்டு வரி ரசீது கேட்கிறார்கள். காலனி வீட்டுக்குப் பட்டா தாத்தா பேரில் இருக்கும், இல்லை இருக்கவே இருக்காது. நிலத்துக்குத்தான் வழக்கே நடக்கிறது. நிலமில்லாததால் போராடினான். போராடினதால் உள்ளே போனான். உள்ளேயிருந்து வெளியே வர நிலம் வேண்டும் என்கிறார்கள். சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை. 2022 இறுதிக் கணக்குப்படி இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்கு 75-க்கும் மேல் விசாரணைக் கைதிகள். தண்டனை வராமலே தண்டனை.

1978-இல் மோதிராம் என்ற கொத்தனாருக்கு உச்சநீதிமன்றமே ஜாமீன் கொடுத்தது. கீழே இருந்த மாஜிஸ்திரேட் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் ஜாமீன் போட வந்தால், உன் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது, செல்லாது என்றார். நீதிபதி கிருஷ்ணய்யர் அதைத் தள்ளிவிட்டு, 1,000 ரூபாய்க்கு அவனுடைய சொந்தப் பத்திரமே போதும் என்றார். 45 வருஷம் கழித்து, 2023 ஜனவரி 31-இல் உச்சநீதிமன்றம் திரும்பவும் சொல்ல வேண்டி வந்தது. ஜாமீன் கிடைத்து ஒரு மாதத்தில் ஜாமீன்தாரர் கொடுக்க முடியாவிட்டால், கோர்ட் தானாகவே எடுத்து நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று பார்க்க வேண்டும். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று கேட்கக்கூடாது. இதை ஒரு மனுவாக எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக நிபந்தனை. ‘மறு உத்தரவு வரை தினமும் காலை பத்தரை மணிக்கு ஸ்டேஷனில் கையெழுத்து.’ கூலி வேலைக்காரனுக்கு அதோடு அன்றைக்குப் பிழைப்பு போச்சு. இன்னொன்று அதைவிடக் கொடுமை. ‘ஊர் எல்லைக்குள் நுழையக் கூடாது.’ நிலத்தில் யார் இருக்கிறார், யார் உழுகிறார் என்பதுதான் அனுபோகம். ஆறு மாசம் ஆள் இல்லையென்றால் அந்த ஆறு மாசத்தில் வரப்பு போய்விடும், வேலி வந்துவிடும். வேலி வந்த பிறகு அனுபோகத்துக்கு அவன் ஆள் வைத்துச் சாட்சி சொல்லுவான். ஜாமீன் நிபந்தனையே நிலத்தைப் பிடுங்கிவிடும். அதனால் நம்மாளுக்கு ஜாமீன் கேட்கும்போது, ஊருக்குள் இருக்க அனுமதி கேளுங்கள். எதிரி கேட்கும்போது, அவன் ஊருக்குள் வரக்கூடாது என்று கேளுங்கள். சாட்சிகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கொலை நடந்த அன்றிலிருந்து நாளை எண்ணாதீர்கள். எதிரியை ரிமாண்ட் செய்த நாளிலிருந்து எண்ணுங்கள். 90 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போகவில்லையென்றால், வழக்கு எவ்வளவு பலமாக இருந்தாலும் அவன் ஜாமீன் கேட்டுப் போய்விடலாம். 80-ஆவது நாள் டி.எஸ்.பி. ஆபீஸ் வாசலில் நில்லுங்கள். எஃப்.ஐ.ஆர். நகல், நிலத்தின் பழைய பதிவேட்டு நகல், மிரட்டல் வந்தபோது கொடுத்த மனுக்களின் ரசீது, இந்த மூன்றையும் ஒரே பையில் வையுங்கள். வக்கீல் வேண்டுமென்று கலெக்டருக்கு மனு கொடுங்கள். பாதிக்கப்பட்டவர் கேட்டால் நல்ல சீனியர் வக்கீலை அமர்த்த விதி 4(5) இடம் கொடுக்கிறது. ஜாமீனை எதிர்த்து உயர்நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு செய்ய 14-ஏ இருக்கிறது.

இன்னொன்று. இங்கே அரசு வேலையில், வங்கியில், பள்ளிக்கூடத்தில் இருக்கிற நம்மவர்கள் பத்துப் பேராவது இருக்கிறீர்கள். சம்பளச் சீட்டு இருக்கிறது, வீட்டு வரி ரசீது இருக்கிறது. ரிசர்வேஷனில் வந்த வேலை அது. நம்ம பையன் ஒருத்தன் ஜாமீன் கிடைத்தும் ஜாமீன்தாரர் இல்லாமல் உள்ளே கிடக்கிறான் என்று கேள்விப்பட்டால், கோர்ட் வாசலில் காசுக்கு ஜாமீன் போடுகிற ஆளைத் தேடிப் போகாதீர்கள். நாம் போவோம். பேர் கொடுக்க ஒரு நோட்டு கொண்டுவந்திருக்கிறேன். முதல் பேர் என்னுடையது. கூட்டம் முடிந்து போகும்போது கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்.

ஜெய் பீம்.