உரமானியம் யாருக்குரிய அமானிதம்?

 

நெல்லுக்கான உரமானியம் 2005 முதல் 50 கிலோ மூடை 350 ரூபா என்ற விலையில் கிடைத்தது. 2016இல் அது வங்கிக்கணக்கில் இடப்படும் பணமாயிற்று. 2024/25 காலபோகத்திற்கு ஹெக்டயருக்கு 15,000 ரூபா என்றிருந்த தொகை 25,000 ஆக உயர்த்தப்பட்டது. பதிவில் யார் பெயருண்டோ அவர் கணக்கிற்கே அப்பணம் செல்லும்.

தண்ணீரூற்றில் இது சிறிய விடயமன்று. 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்டோரில் பலர் 2009க்குப் பின்னரே திரும்பினர். சிலர் இன்றும் புத்தளத்திலேயே வாழ்கின்றனர். காணி இங்கே, உரியவர் அங்கே, உழுபவர் மற்றொருவர். குத்தகையையும் வாங்கி, மானியத்தையும் காணிக்காரரே எடுப்பது எவ்வாறு நியாயமாகும்? குத்தகை நிலத்திற்கான கூலி. மானியமோ விதைத்தவருக்கான உதவி. மழையால் விளைந்ததற்குப் பத்திலொன்று, நீரிறைத்து விளைவித்ததற்கு இருபதிலொன்று என ஸகாத்திலேயே உழைப்பின் பாரத்தைக் கணக்கிடும் மார்க்கமல்லவா நம்முடையது! 2021இல் இரசாயன உர இறக்குமதி தடுக்கப்பட்டு விளைச்சல் வீழ்ந்தபோது, நிலையான குத்தகை பேசியிருந்த வயல்களில் நட்டம் உழுதவர் தலையிலேயே விழுந்தது.

பிறர் பெயரைப் பதிந்தால் காணி பறிபோகுமோ என அஞ்சுகிறார்கள். அகதி முகாமில் வளர்ந்த அடியேன் அந்த அச்சத்தை இகழமாட்டேன். அஞ்சுவோர் குத்தகையைப் போகம் குறிப்பிட்டு, சாட்சிகளோடு எழுதிக்கொள்ளட்டும். பணம் தம் கணக்கிற்கு வந்துவிட்டால் அன்றே உழுதவரிடம் ஒப்படைக்கட்டும்.

இளைஞர்களே, வாப்பாவின் படிவத்தை நிரப்புவது நீங்கள்தானே. செய்கையாளர் பெயரை எழுதுமுன் ஒருமுறை வயலுக்குப் போய், அங்கே சேற்றில் நிற்பவர் யாரெனப் பாருங்கள்.