ஒரு குளிசைக்குள் இரண்டு மருந்து

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



சலரோகக் குளிசை வாங்கும் வீடுகள் எமது தீவுகளிற் பலவாகிவிட்டன. ஆதலால் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலிற் கூறுகின்றோம்.

எமது அயலில் ஓர் ஆச்சி. கிளினிக்கில் மெற்போமின், கிளிக்கிளசைட் என இரு குளிசைகள் எடுத்து வந்தார். மகன் அவரைப் பட்டணத்தில் வேறொரு வைத்தியரிடம் காட்டினார். கிளினிக் கொப்பியைக் கொண்டுபோகவில்லை. அங்கே கிடைத்தது அவ்விரு மருந்துகளும் சேர்ந்த கூட்டுக்குளிசை. பெட்டியிற் பெயர் வேறாதலால் ஆச்சி அதையும் இதையும் போட்டார். அன்று கந்தசஷ்டியின் மூன்றாம் நாள். மாலையில் உடல் வியர்த்து, ஆளறியாது கிடந்தார். விரதக் களைப்பென்றே நாம் எண்ணினோம். அயலில் ஒரு தாதி இருந்தபடியால் ஆச்சி பிழைத்தார்.

நேர்ந்தது என்ன? மெற்போமின் ஈரல் சீனி விடுவதைக் குறைப்பது. தனியே எடுத்தாற் சீனியை அபாயமாக இறக்குவது அரிது. கிளிக்கிளசைட், கிளிமெபிரைட் முதலியனவோ கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்வன. நாம் உண்டோமா இல்லையா என்று அவை பார்ப்பதில்லை. 1942இல் பிரான்சின் மொன்பெலியே நகரில் மார்செல் ஜான்போன் என்னும் வைத்தியர், நெருப்புக்காய்ச்சல் நோயாளருக்கு ஒரு சல்பா மருந்து கொடுத்தபொழுது சீனி மிகத் தாழ்வதைக் கண்டார். அந்த அபாயத்திலிருந்தே இம்மருந்துக் குலம் பிறந்தது. எல்லாக் கூட்டுக்குளிசைகளிலும் இவ்வகை மருந்து இருப்பதில்லை. எனவே உள்ளே இருப்பது எதுவென அறிதல் முதற் கடமை.

விரதம் தொடங்குமுன் வைத்தியரைக் கேட்டு அளவை மாற்றிக்கொள்ளுங்கள். தாமாக நிறுத்துதலும் தவறு. பாலும் பழமும் உண்டு விரதங்காப்பதும் எம் மரபே. வாந்தி, வயிற்றோட்டம் வந்து உடலில் நீர் வற்றினால், சிறுநீரகத்தாற் கழியும் மெற்போமின் தேங்கக்கூடும். உடனே ஆலோசனை பெறுக. சிறுநீரகப் பரிசோதனையையும் தவறவிடாதீர்கள். வெறுவயிற்றிற் கள்ளுக் குடிப்பது சீனியை மேலும் இறக்கும்.

நடுக்கம், வியர்வை, படபடப்பு, தடுமாற்றம் கண்டால், அல்லது சீனி டெசிலீற்றருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழிறங்கினால், மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை நீரிற் கரைத்துக் கொடுங்கள். 15 நிமிடத்தில் மீண்டும் பாருங்கள். தெளியாவிடின் திரும்பக் கொடுங்கள். தெளிந்தபின் உணவு கொடுங்கள். அறிவிழந்தவர் வாயில் எதனையும் ஊற்றற்க. பக்கமாகச் சரித்துக் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்க. தெளிந்தவரும் ஆஸ்பத்திரிக்குச் செல்லவே வேண்டும். மருந்தின் வேகம் பல மணி நேரம் நின்று, சீனி மறுபடி தாழலாம்.

அன்பர்களே! நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்கு வள்ளத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதன்பின்னரே யாழ்ப்பாணத்துக்குத் தரைவழி. இரவிலே கடல் கொந்தளித்தால் வழியேது? நகரத்தார் பின்னர் திருத்திக்கொள்ளும் பிழையை நாம் முன்னரே தடுத்தாக வேண்டும்.

ஆகவே வாலிபர்களுக்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவே வீட்டுப் பெரியோரின் குளிசைப் பெட்டிகளை எடுங்கள். பெரிய எழுத்திலுள்ள வியாபாரப் பெயரை விட்டு, சிறிய எழுத்திலுள்ள மருந்துப் பெயர்களை ஒரு தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இருமுறை வந்தால் அடுத்த குளிசைக்கு முன் வைத்தியரிடம் காட்டுங்கள். அத்தாள் கிளினிக் கொப்பியோடு எங்கும் செல்லட்டும். ஆச்சி வீட்டில் அப்படியொரு தாள் இருந்திருந்தால், அந்த மாலை நேர்ந்திராது.