கருவி அனுப்புமுன் ஒரு கடிதம்

(பொன்விழா ஆயத்தக் கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



விழா நிதியில் ஒரு பகுதியைக் கொண்டு, ஆப்பிரிக்காவில் மறைப்பணித் தளம் ஒன்றின் பள்ளிக்கும் மருந்தகத்துக்கும் கணினிகள் வாங்கி அனுப்ப வேண்டுமென்று நம் இளைஞர் மன்றத்தார் கேட்டிருக்கிறார்கள். நல்ல எண்ணந்தான். ஆனால் ஆப்பிரிக்கா என்றதும் அதை ஒரே ஊராக நினைத்துப் பேசிவிடுகிறோம். அங்கே 54 நாடுகள். ஆகவே முடிவெடுக்குமுன், இத்துறையில் அங்கே நடந்தவற்றுள் சிலவற்றைச் சொல்ல அனுமதியுங்கள்.

கென்யாவில் 2013 தேர்தலின்போது, முதல் வகுப்புப் பிள்ளை ஒவ்வொன்றுக்கும் மடிக்கணினி என்று வாக்குறுதி அளிக்கப்பட்டது. ஒப்பந்தத் தகராறுகளால் காலம் கடந்தது. 2016-இல்தான் கையடக்கக் கணினிகளாகப் பள்ளிகளுக்கு வரத் தொடங்கின. பத்து லட்சத்துக்கு மேல் வழங்கினார்கள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டன. கருவிகள் பள்ளியில், பிள்ளைகள் வீட்டில்! பாடம் சொல்ல வானொலியையும் தொலைக்காட்சியையும் நாட வேண்டியதாயிற்று. இருந்தாலும் அத்திட்டத்தால் ஒரு நன்மை விளைந்தது. கணினி வருகிறதென்பதற்காக ஆயிரக்கணக்கான கிராமப் பள்ளிகளுக்கு மின்சாரம் வந்தது. கணினி பழுதானாலும் விளக்கு எரியுமல்லவா?

மலாவி நாட்டுக் கதை வேறு. லிலோங்வே மருத்துவமனையில், அமெரிக்காவில் விலைபோகாமல் தேங்கிய சிறு கணினிகளை வாங்கித் தொடுதிரை பொருத்தினார்கள். விசைப்பலகையைத் தொட்டே பழகாத செவிலியர்களுக்காகத்தான் இந்த ஏற்பாடு. திரை ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்கும்; விரலால் தொட்டால் போதும். மின்சாரம் அடிக்கடி நின்றுவிடும் என்பதைத் தெரிந்துகொண்டு, மின்கலத்தில் ஓடும்படி அமைத்தார்கள். எய்ட்ஸ் நோயாளிகளின் மருந்துக் கணக்கை இவ்விதம் பதிந்தார்கள். அந்தச் செவிலியரின் கையைப் பார்த்தபின் கருவி செய்தவர்களை நான் மெச்சுகிறேன்.

ருவாண்டாவைப் பற்றி இளைஞர்களே எனக்குச் சொன்னார்கள். மலைகள் நிறைந்த நாடு. பிரசவத்தில் இரத்தப்போக்கு ஏற்பட்டால், நகரத்திலிருந்து இரத்தம் வருவதற்குள் தாயின் உயிர் போய்விடும். 2016 அக்டோபர் முதல், முஹாங்கா என்னுமிடத்திலிருந்து ஆளில்லாச் சிறு விமானங்கள் இரத்தப் பைகளைக் கொண்டுபோய்ப் பாராசூட்டில் இறக்குகின்றன. சாலை வழியைவிட ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னதாக வந்து சேர்கிறதென்றும், காலாவதியாகி வீணாகும் இரத்தம் வெகுவாகக் குறைந்ததென்றும் 2022-இல் ஓர் ஆய்வு காட்டியது. எல்லாரும் விமானத்தைத்தான் பேசுகிறார்கள். 1994-இல் இனப்படுகொலையால் சிதைந்த அந்த நாடு, தானாக முன்வந்து இரத்தம் கொடுப்போரையும் அதைச் சோதித்துச் சேமிக்கும் நிலையங்களையும் முதலில் உருவாக்கியிருந்ததை யாரும் பேசுவதில்லை. பையில் இரத்தம் இல்லாவிட்டால் விமானம் எதைக் கொண்டுபோகும்?

என் மனத்துக்கு மிகப் பிடித்தது தென் ஆப்பிரிக்காவின் 'மாம்கனெக்ட்'. 2014 ஆகஸ்டில் அந்நாட்டுச் சுகாதாரத் துறை தொடங்கியது. புதிய கருவி எதுவும் வாங்கவில்லை. தாய்மாரின் கையில் ஏற்கெனவே இருந்த சாதாரணக் கைத்தொலைபேசியே போதுமாயிற்று. கர்ப்பிணி மருந்தகத்தில் பதிவு செய்தால், தொடக்கத்தில் குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை அவளுக்கு அறிவுரைச் செய்திகள் இலவசமாக வந்தன. அன்றிருந்த பதினோர் ஆட்சி மொழிகளில் தனக்கு வேண்டியதை அவள் தெரிந்துகொள்ளலாம். மூன்று ஆண்டுகளுக்குள் பத்து லட்சம் தாய்மாருக்கு மேல் சேர்ந்தனர். இதிலே இன்னொன்றும் உண்டு. மருந்தகத்தில் மருந்து இல்லை, ஊழியர் கடிந்து பேசினார் என்று அவளே திருப்பி எழுதலாம். ஏழைத் தாய்க்கு அறிவுரை சொல்ல எல்லாரும் இருக்கிறோம். அவள் முறையீட்டைக் கேட்கத்தான் ஆளில்லை. நம் ஊரிலும் அப்படித்தானே?

ஆகவே, கணினி வேண்டாமென்று நான் சொல்லவில்லை. அந்தத் தளத்துச் சகோதரிகளுக்கு இந்த வாரமே கடிதம் எழுதுகிறேன். மின்சாரம் நாளைக்கு எத்தனை மணி நேரம் இருக்கிறது? பிள்ளைகள் எந்த மொழியில் படிக்கிறார்கள்? கருவி பழுதானால் திருத்துபவர் எத்தனை தொலைவில்? இவற்றோடு, உங்களுக்கு உண்மையில் என்ன தேவை என்றும் கேட்கப்போகிறேன். ஒருவேளை, கணினி வேண்டாம், கிணற்றுக்கு ஒரு பம்பு அனுப்புங்கள் என்று பதில் வரலாம். இளைஞர்கள் முகம் வாடக்கூடாது! பதில் வரும்வரை பொருளாளர் அந்தப் பணத்தைத் தொட வேண்டாம்.