அயல்நாட்டுப் பயணமும் நாணய வட்டமும்

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், ஆண்டுக்கொரு முறை ஊருக்குப் போய்வரும் பயணத்தோடு இப்போது அயல்நாட்டுப் பயணமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. கொல்கத்தாவிலிருந்து சென்னைக்கும் பாங்காக்குக்கும் விமானத்தில் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆகிறது. ஆகவே ஓய்வுபெற்ற பெற்றோரை அழைத்துக்கொண்டு தாய்லாந்துக்கு ஒரு வாரம் சென்றுவருவது அரிய செய்தியாக இல்லை. அத்தகைய பயணத்தில் கைச்செலவுக்கான பணத்தை எவ்வழியில் கொண்டுசெல்வது மலிவு என்பதையே இன்று ஆராய விரும்புகிறோம்.

1960களின் பிற்பகுதியில் இந்தக் கேள்விக்கே இடமிருக்கவில்லை. அன்று அயல்நாடு செல்பவருக்குக் கைச்செலவுக்குக் கிடைத்தது எட்டு டாலர். இன்று ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளியே கொண்டுசெல்லலாம்; அதில் ரொக்கமாக, பெரும்பாலான நாடுகளுக்கு, ஒரு பயணத்துக்கு 3,000 டாலர். அன்றைய கவலை பணம் கிடைக்குமா என்பது. இன்றைய கவலை, கிடைத்த பணத்தில் எவ்வளவு வழியிலேயே கரையும் என்பது.

இவ்வாறு கரைவதற்குத் தமிழில் பழைய சொல் ஒன்று உண்டு: வட்டம். ஒரு நாணயத்தைப் பெற்றுக்கொண்டு வேறு நாணயம் தருபவர் தமக்கெனப் பிடித்துக்கொள்ளும் தொகை அது. அலுவலகக் கோப்புகளுக்காக நாம் இன்று சமைக்கும் நீண்ட தொடர்களைவிட இது எவ்வளவோ தெளிவானது. வட்டம் பெரும்பாலும் தனியாகக் கண்ணில் படுவதில்லை. ‘கமிஷன் கிடையாது’ என்று பலகை மாட்டிய கடையில் அது விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கும். அதனால் கமிஷன் எவ்வளவு என்று கேட்பதில் பயனில்லை. “பத்தாயிரம் ரூபாய் தருகிறோம், எல்லாம் போக எத்தனை பாட் எங்கள் கையில் வரும்?” என்று கேட்க வேண்டும். இந்த ஒரே கேள்வியை வங்கியிலும் நாணய மாற்றுக் கடையிலும் விமான நிலையத்திலும் கேட்டுப் பார்த்தால் வேற்றுமை தானே விளங்கும். விமான நிலையக் கடைகளில் வட்டம் கூடுதலாயிருப்பது உலக வழக்கம். பாங்காக்கிலோ, விமான நிலையத்தின் அடித்தளத்தில், நகர ரயில் புறப்படும் இடத்தருகேயுள்ள கடைகள், மேல்தளக் கடைகளைவிட நல்ல விலை தருகின்றன. பத்து நிமிட நடைக்கு இவ்வளவு கூலி வேறெங்கும் கிடைக்காது!

அட்டைகளுக்கு வருவோம். நம் வங்கிகளின் அட்டைகள் பலவற்றில் அயல்நாட்டுச் செலவுக்கு வட்டம் 3.5 சதவிகிதம். அந்த வட்டத்தின்மீது 18 சதவிகித வரி சேர, மொத்தம் 4.13 சதவிகிதம் ஆகிறது. 60,000 ரூபாய் செலவிட்டால் 2,478 ரூபாய் இப்படியே போய்விடும். வட்டமே இல்லாத அட்டைகளைச் சில வங்கிகள் தருகின்றன. அவற்றின் ஆண்டுக் கட்டணத்தையும் கணக்கிட்டு, அது இந்தத் தொகையைவிடக் குறைவென்றால், பயணத்துக்கு முன்பே ஒன்று வாங்கிக்கொள்வது நன்று. முன்கூட்டியே பணம் நிரப்பும் பயண அட்டையில் விலை முதலிலேயே நிலைத்துவிடுகிறது என்பது ஒரு நிம்மதி. ஆனால் டாலர் நிரப்பிய அட்டையைக் கொண்டு பாட்டில் செலவிட்டால் மறுபடியும் ஒரு வட்டம் விழும்.

நல்ல அட்டை வைத்திருப்பவரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. கடைக்காரர் அட்டையைச் செருகியதும் கருவித் திரையில் இரண்டு தொகைகள் தோன்றும்: ஒன்று பாட்டில், மற்றொன்று ரூபாயில். வேற்று நாட்டில் ரூபாயைக் கண்டதும் மனம் அதையே நாடும். பெற்றோருக்கு உதவுவதாக எண்ணிக் கடைக்காரரே அதை அழுத்திவிடுவதும் உண்டு. அந்த ரூபாய்த் தொகை கருவிக்காரர் தம் விருப்பப்படி வைத்த விலை. போதாதென்று, அதன்மேல் நம் வங்கியும் ஒரு கட்டணம் விதிப்பதுண்டு. எந்த நாட்டில் நிற்கிறோமோ அந்த நாட்டு நாணயத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும். பணம் எடுக்கும் இயந்திரத்திலும் இதே கேள்வி வரும், இதே விடைதான்.

சாலையோர உணவுக்கடைகளிலும் சந்தைகளிலும் நம் அட்டை பெரும்பாலும் செல்லாது, ரொக்கம் வேண்டும். தாய்லாந்தின் இயந்திரங்கள் அயல்நாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் 220 பாட், சில வங்கிகளில் அதற்கும் மேல், பிடித்துக்கொள்கின்றன. இது எடுக்கும் தொகையைப் பொறுத்ததன்று. 2,000 பாட் எடுத்தால் நூற்றுக்குப் பதினொன்று போயிற்று. 20,000 எடுத்தால் நூற்றுக்கு ஒன்றைச் சற்றே தாண்டும். சிறுகச் சிறுக எடுப்பதே சிக்கனம் என்ற நம் வீட்டுப் பழக்கம் இங்கே செலவாக முடிகிறது. கடன் அட்டையில் ரொக்கம் எடுப்பதைத் தவிர்க்க வேண்டும். எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

நேபாளம், பூடான், இலங்கை, மொரிஷியஸ் செல்பவர்களுக்கு மற்றொரு வசதியும் உண்டு. இந்நாடுகளில் நம் யு.பி.ஐ. முறையைப் பல கடைகள் ஏற்கின்றன. இலங்கையிலும் மொரிஷியஸிலும் இது 2024 பிப்ரவரியில் தொடங்கியது. பணம் செலுத்துமுன் திரையில் காட்டும் மாற்று விலையைப் பார்த்துக்கொள்வது நல்லது.

மலிவு ஒன்றையே கருதி ஒரே அட்டையை நம்பிப் புறப்படுவதை நாம் ஒப்புவதில்லை. முதியவர்களுடன் செல்கையில், நள்ளிரவில் அட்டை மறுக்கப்பட்டால் மிச்சம் பிடித்த இரண்டாயிரம் ரூபாய் ஆறுதல் தராது. 2020இல் ரிசர்வ் வங்கி செய்த ஏற்பாட்டின்படி, நம் அட்டைகள் நாமே கேட்டுத் திறந்தாலொழிய அயல்நாட்டில் இயங்கா. வீட்டிலிருந்தே அதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வங்கிகளின் அட்டைகள், அவற்றை இருவர் பையில் பிரித்து வைத்தல், முதல் இரண்டு நாளைக்குப் போதிய ரொக்கம்: இவ்வளவும் இருக்கட்டும்.

மீந்த தாள்களைத் திரும்பி வந்து விற்றால் இரண்டாம் முறையும் வட்டம் கட்ட நேரிடும். 2,000 டாலர் மதிப்பு வரை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. அதற்கு மேற்பட்டதை 180 நாட்களுக்குள் வங்கியிலோ உரிமம் பெற்ற நாணய மாற்றுக் கடையிலோ ஒப்படைக்க வேண்டும். நாணயமாற்றுக் கடைகள் சில்லறைக் காசுகளை வாங்குவதில்லை. ஆகையால் கடைசி நாளில் தங்கும் விடுதிக் கணக்கைத் தீர்க்கையில், கையிலுள்ள பாட் முழுவதையும் காசுகளோடு முதலில் கொடுத்துவிட்டு, குறையும் தொகையை மட்டும் அட்டையில் செலுத்துங்கள். அப்போதும் திரையில் ரூபாய் தோன்றும், பாட்டையே அழுத்துங்கள்.