ஆண்டையின் பெயரைப் பிடித்துக்கொண்டு



ஆவணம் என்றால் அது ஆண்டைகளுடைய சரக்கு, நமக்கு அதில் என்ன வேலை என்று கேட்கிறவர்கள் இங்கே இருக்கிறீர்கள். அமெரிக்கக் கறுப்பு மக்கள் தங்கள் முன்னோரைத் தேடுகிற விதத்தைச் சொல்கிறேன். கேட்டுவிட்டுச் சண்டைக்கு வாங்க.

விடுதலை பெற்ற அடிமைகளில் பெரும்பாலோர் முதன்முதலாகப் பெயரோடு மக்கள்தொகைக் கணக்கில் ஏறியது 1870ல். அதற்கு முந்தி 1850லும் 1860லும் அடிமைகளுக்குத் தனிப் படிவம். மேலே ஆண்டையின் பெயர். கீழே வயசு, ஆணா பெண்ணா, நிறம். ஓடிப்போனவரா என்று கேட்க ஒரு கட்டம் உண்டு. அடிமையின் பெயருக்குக் கட்டமில்லை. 1860ல் இப்படி எண்ணப்பட்டவர்கள் 39 லட்சத்துக்கும் மேல்.

ஆகவே ஒரு பேத்தி 1870 கணக்கில் தன் பாட்டனைக் கண்டுபிடிக்கிறாள். அதே கவுண்டியில், அதாவது நம்ம மாவட்டம் மாதிரியான வட்டாரத்தில், பக்கத்தில் நிலம் வைத்திருந்த வெள்ளைக்காரர்கள் யார் யார் என்று குறிக்கிறாள். 1860 படிவத்தில் அவர்கள் பெயருக்குக் கீழே, பத்து வயசு குறைந்த ஒரு பையன் இருக்கிறானா என்று பார்க்கிறாள். இருந்தாலும் அது ஊகம்தான். பாட்டனின் குடும்பப்பெயரை வைத்தும் முடிவுகட்ட முடியாது. கடைசி ஆண்டையின் பெயரைச் சூடிக்கொள்ளாதவர்கள் ஏராளம்.

ஊகத்தைச் சோதிக்கக் கவுண்டி நீதிமன்றப் பதிவறைக்குப் போகணும். உயில், கிரயப் பத்திரம், அடமானம், வரிக்கணக்கு எல்லாம் அங்கே. ஆண்டை செத்தால் மதிப்பீட்டாளர்கள் வந்து மாடு, ஏர், கட்டில் எழுதுகிற பட்டியலிலேயே ஆட்களையும் எழுதி, எதிரே டாலர் போடுவார்கள். அங்கேதான் பெயர் கிடைக்கிறது. சொத்தில் வில்லங்கம் வரக்கூடாதே, அதற்காக எழுதிய பெயர்! வேலைக்கு உதவாத கிழவிக்கு எதிரே பூஜ்யம் போட்ட பட்டியல்களும் உண்டு.

லூசியானாவில் கவுண்டியை பாரிஷ் என்பார்கள். குவெண்டலின் மிட்லோ ஹால் என்ற வரலாற்றாசிரியர் 1984ல் அங்கே ஒரு பாரிஷ் நீதிமன்றத்தில் பழைய பத்திரங்களைப் புரட்டத் தொடங்கினார். ஒரு லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரம் 2000ல் வெளிவந்தது. ஆப்பிரிக்காவில் எந்த இனம், என்ன தொழில் தெரியும், என்ன விலை என்பது வரைக்கும்.

நான் வங்கி எழுத்தன். ஈட்டுப் பத்திரம் என் கையில் தினமும் புழங்குகிற காகிதம். 2005ல் ஜே.பி.மார்கன் சேஸ் வெளியிட்ட செய்தி என்னை விடவில்லை. அந்த வங்கிக்குள் பின்னாளில் கலந்துபோன இரண்டு லூசியானா வங்கிகள் சுமார் 13,000 அடிமைகளை ஈடாக ஏற்றிருந்தன. கடன் கட்டாதபோது சுமார் 1,250 பேர் வங்கிகளுக்கே சொந்தமானார்கள். இதுவும் தானாக வந்த வாக்குமூலம் இல்லை. சிகாகோ நகரம் தன்னோடு தொழில் செய்யும் நிறுவனங்கள் இதைத் தேடிச் சொல்லணும் என்று 2002ல் சட்டம் போட்டது. அதற்குப் பிறகுதான்.

ஆண்டையின் பெயரை ஏன் நாம் உச்சரிக்கணும் என்று கேட்டால், அதை விட்டால் அவனும் தப்பித்துவிடுவான், பாட்டனும் கிடைக்கமாட்டான்.

இன்னொரு பதிவேடும் இருக்கிறது. விடுதலை பெற்றவர்களுக்காக 1865ல் தொடங்கிய ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கி 1874ல் திவாலானது. 61,000 பேரின் ஏறக்குறைய 30 லட்சம் டாலர் மாட்டிக்கொண்டது. ஆனால் கணக்குத் திறக்க வந்தவர்களிடம் கேட்டு எழுதிய பேரேடுகள் மிஞ்சின. பழைய ஆண்டை யார், எந்தத் தோட்டம், அப்பா அம்மா பெயர் என்ன, கூடப் பிறந்தவர்கள் யார், யார் எங்கே விற்கப்பட்டார்கள். கையெழுத்துத் தெரியாதவர்கள் குறி போட்டிருக்கிறார்கள்.