விடுதலைப் பத்திரம்

(மாணவர் – இளைஞர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இன்னிக்குக் கவிதை வேணாம், சொத்தைப் பத்திப் பேசுறேன்னு சொன்னேன். சிரித்தார்கள். நமக்கேது சொத்து என்கிற சிரிப்பு. அந்தச் சிரிப்பால் நாம் இழந்தது கொஞ்சமல்ல.

நான் வங்கியில் எழுத்தர். செத்துப்போன புருஷனுடைய பாஸ்புக்கோடு கவுண்டரில் வந்து நிற்கிற நம்ம தெருப் பெண்களைப் பார்க்கிறவன். நாமினி இருக்காம்மா என்றால் ‘அப்படின்னா என்னாப்பா’ என்பார்கள். இல்லையென்றால் வாரிசுச் சான்றிதழ் கேட்போம். அதற்கு முதலில் இறப்புச் சான்றிதழ் வேண்டும். சாவை 21 நாளுக்குள் பதிந்தால் கட்டணமில்லை. இதை யாரும் அவளுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். கூலியை விட்டுவிட்டுத் தாலுகா ஆபீசுக்கு நடப்பாள்.

நாமினி போட்டாலும் கதை முடியாது. வங்கிக் கணக்கில் நாமினி என்பவர் பணத்தை வாங்கும் கை, அவ்வளவுதான். வாரிசுகளின் பங்கு அழியாது. 2025 நவம்பரிலிருந்து ஒரு கணக்குக்கு 4 பேர் வரை நாமினி வைக்கலாம்.

யார் வாரிசு? 1956ஆம் வருஷத்து இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, ஓர் ஆண் உயில் எழுதாமல் இறந்தால் அவனது தனிச்சொத்து மனைவி, மகன், மகள், தாய் எல்லாருக்கும் சமம். பௌத்தத்துக்குப் போனவர்களுக்கும் இதே சட்டந்தான். கிறித்தவர்களுக்கு 1925ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம். மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி பிள்ளைகளுக்குச் சமமாக.

மகளுக்குப் பங்கு சும்மா வரவில்லை. இந்துச் சட்ட மசோதாவைக் கிடப்பில் போட்டதும் ஒரு காரணமாகத்தான் அம்பேத்கர் 1951 செப்டம்பரில் அமைச்சர் பதவியை விட்டு வெளியேறினார். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பிறப்புரிமை என்று தமிழ்நாடு 1989இல் திருத்தம் செய்தது. ஆனால் அதற்குமுன் கல்யாணமானவளுக்கு இல்லை என்றது. 2005இல் வந்த மத்தியத் திருத்தம் அந்தத் தடையை எடுத்தது.

இவ்வளவும் தெரிந்த நான் செய்ததைச் சொல்கிறேன். அப்பா இறந்தபோது தாத்தா பேரிலேயே கிடந்த நிலம் முப்பது சென்ட். அக்காளைச் சார்பதிவாளர் ஆபீசுக்குக் கூட்டிப்போய்க் கைநாட்டு வைக்கச் சொன்னேன். ‘அதான் சீர் செஞ்சாச்சே’ன்னு அம்மாவும் சொன்னாள். அக்கா ஒண்ணும் கேக்கலை. தன் பங்கை அவள் எனக்கு விட்டுத்தந்த அந்தக் காகிதத்துக்குப் பத்திர எழுத்தர் சொன்ன பேர் விடுதலைப் பத்திரம். அந்த வாரமே பெண் விடுதலை பற்றி ஒரு கவிதையும் எழுதினேன் தோழர்களே. ரெண்டு வருஷத்தில் புருஷன் விட்டுப்போய், பிள்ளையோடு வந்த அக்கா, விருந்தாளி மாதிரி வாசலிலேயே நின்றாள். போன வருஷம்தான் பாதி நிலத்தை அவள் பேருக்குச் செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லலை. எடுத்ததைத் திருப்பிக் கொடுத்தேன், அவ்வளவுதான்.

உயில் பணக்காரன் சமாச்சாரம் இல்லை. 18 வயசு முடிந்த, சுயபுத்தியுள்ள யாரும் எழுதலாம். முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். எழுதுகிறவர் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கணும். குறைந்தது 2 சாட்சிகள் அதைப் பார்த்து, அவர் முன்னால் கையெழுத்துப் போடணும். பங்கு பெறுகிறவரைச் சாட்சியாக்காதீர்கள். பதிவு கட்டாயமில்லை, செய்தால் பலம். உயிரோடிருக்கும்வரை மாற்றி எழுதலாம். கடைசியாக எழுதியதே செல்லும்.

உயில் மெய்யென்று நீதிமன்றம் தரும் சான்றுதான் புரொபேட். சென்னை நகரச் சொத்துக்கு இந்துக்களின் உயில் என்றால் அது கட்டாயமாக இருந்தது. அப்படிச் சொன்ன 213ஆம் பிரிவை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில் நீக்கியது. ஆனால் தகராறு வந்தால் சாட்சியைக் கூண்டிலேற்றி உயிலை நிரூபிக்கும் வேலை இப்பவும் உண்டு. அதனால வயசுல சின்னவங்களாப் பாத்து சாட்சி வையுங்க.

பஞ்சமி நிலத்தை 10 வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது, அதன்பிறகும் நம் மக்களுக்குத்தான் விற்கலாம் என்று வெள்ளைக்காரன் காலத்திலேயே நிபந்தனை போட்டார்கள். அப்படியும் கைமாறிப் போனது. அதை மீட்கப் போராடி 1994 அக்டோபர் 10இல் செங்கல்பட்டில் துப்பாக்கிச் சூட்டில் இறந்தார்கள் ஜான் தாமசும் ஏழுமலையும். மூணு தலைமுறையாகப் பட்டா மாற்றாத நிலத்தில், ஒரே ஒரு வாரிசின் கைநாட்டை வாங்கிக்கொண்டு உள்ளே நுழைகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்.

ஊருக்குப் போனதும் ஒரு வேலை செய்யுங்கள். பட்டா யார் பேரில் இருக்கிறதென்று வீட்டில் கேளுங்கள். கேட்கும்போது அக்கா தங்கச்சியையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள்.