சாலை போடுவோரும் சாலையை வைத்திருப்போரும்

சாலைகளையும் பாலங்களையும் மெட்ரோ ரயில் பாதைகளையும் குடிநீர்த் திட்டங்களையும் மின்நிலையங்களையும் ஒருங்கே நிர்மாணிக்கின்ற ஒரு பெரிய கம்பெனியின் வருங்காலத்தைக் கணிக்க விரும்புவோர், அதன் கையிலுள்ள வேலைகளின் மதிப்பு எவ்வளவு என்றுதான் முதலில் கேட்கிறார்கள். பேரேட்டையும் ஐந்தொகையையும் வீட்டுப் பேச்சாகவே கேட்டு வளர்ந்த செட்டிநாட்டு மக்களுக்கோ, அதற்கு முன்பாகவே வேறொரு வினா மனத்தில் எழும்: போட்ட பணம் எப்போது கைக்குத் திரும்பும்? அந்த வினாவைக் கொண்டே இத்தொழிலை இன்று பார்க்க விரும்புகிறேன்.

லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். 1938-இல் டென்மார்க் தேசத்துப் பொறியாளர்கள் இருவர் பம்பாயில் தொடங்கிய இந்நிறுவனத்தின் நிர்மாணப் பிரிவு சென்னை மணப்பாக்கத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருப்பதால், தமிழ்நாட்டாருக்கு அது அந்நியமான பெயரன்று. 2025 மார்ச் முடிவில் அதன் கையிலிருந்த ஒப்பந்தங்களின் மதிப்பு சுமார் 5 லட்சத்து 79 ஆயிரம் கோடி ரூபாய். அதில் பாதிக்குச் சற்றே குறைந்த பங்கு வெளிநாட்டு வேலைகள். பிரமிக்கத்தக்க தொகைதான். ஆனால் ஒப்பந்தம் என்பது வருமானம் அன்று. நிலம் கைக்கு வர வேண்டும். கரை போடுவதற்கு மண் வேண்டும், அந்த மண்ணைக் கண்மாயிலிருந்து அள்ளுவதற்கு அனுமதி வேண்டும். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ரோலரும் டிப்பரும் நின்ற இடத்திலேயே நிற்கும், அவற்றின்மீது வாங்கிய கடனுக்கு வட்டியோ ஒரு நாளும் நிற்பதில்லை. கச்சா எண்ணெய் ஏறினால் தாரின் விலையும் ஏறும். இவ்வளவையும் கடந்து வேலையை முடித்து, அளவு எடுத்து, பில் எழுதி, பிடித்தம் போக மீதித் தொகை வந்து சேரும்வரை அந்த லாபம் காகிதத்தில் எழுதிய லாபமே.

இது காண்டிராக்டர் தொழிலின் பழைய சங்கடம். இதைவிடப் பெரியதொரு சங்கடம் 1990-களின் இறுதியில் வந்து சேர்ந்தது. சாலைகளுக்கு வேண்டிய மூலதனம் அரசாங்கத்திடம் இல்லாத நிலையில், தனியார் நிறுவனங்களே தம் பணத்தையும் கடன் பணத்தையும் போட்டுச் சாலையை அமைத்து, பல ஆண்டுகள் சுங்கம் வசூலித்து, பிறகு அரசிடம் ஒப்படைக்கும் முறை தோன்றிற்று. நீலாம்பூருக்கும் மதுக்கரைக்கும் இடையே 28 கிலோமீட்டர் நீளமுள்ள கோயம்புத்தூர் புறவழிச்சாலையை இம்முறையில் லார்சன் அண்ட் டூப்ரோ அமைத்தது. சாலை போடுகிறவர் இவ்வாறு சாலையை வைத்திருப்பவராகவும் ஆனார். மேலோட்டமாகப் பார்த்தால் இது வளர்ச்சி. ஒரு வேலைக்குக் கூலி வாங்கியவர் இப்போது ஒரு சொத்துக்கு உரியவர். உள்ளே நடந்ததோ, இரண்டு மூன்று ஆண்டுகளில் திரும்ப வேண்டிய பணம் இருபது ஆண்டுகளுக்கு மண்ணில் புதைந்ததுதான்.

இந்த இடத்தில் பர்மாவை நினையாதிருக்க என்னால் இயலவில்லை. கீழ்ப்பர்மாவின் நெல் விவசாயிகளுக்கு நகரத்தார் எனப்படும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் கடன் கொடுத்து வந்த காலத்தில், அத்தொழிலின் உயிர் பணத்தின் சுழற்சியிலேயே இருந்தது. ரங்கூன் மொகல் தெருவில் கூடி மாதந்தோறும் நடப்பு வட்டியை நிர்ணயித்த அந்தக் கூட்டத்தார், ஊரிலிருந்து வந்த முகவர்களான மேலாட்களையும் அவர்களுடைய உதவியாளர்களான அடுத்தாட்களையும் கொண்டு கடன் கடைகளைத் திறந்து நடத்தினார்களேயன்றி, அயல்நாட்டில் பண்ணையார்களாவதை விரும்பியவர்கள் அல்லர். 1930-ஐ ஒட்டி உலகெங்கும் மந்தம் பரவி நெல் விலை வீழ்ந்தபோது கடன்காரரிடம் பணம் இல்லை, ஈடாக எழுதிக்கொடுத்த நிலமே இருந்தது. முக்கியமான 13 நெல் மாவட்டங்களின் சாகுபடி நிலத்தில் 1930-இல் 6 விழுக்காடாக இருந்த செட்டியார்களின் உடைமை 1938-க்குள் 25 விழுக்காடாக உயர்ந்தது. கணக்கில் சொத்து பெருகிற்று. கையில் ரொக்கம் அருகிற்று. பின்னர் யுத்தமும் நிலங்களை அரசுடைமையாக்கிய சட்டங்களும் வந்து அந்தச் சொத்தையும் கொண்டுபோயின. அந்தச் செல்வத்தில் செட்டிநாட்டில் எழுந்த வீடுகள் பலவற்றின் கதவுகள் இன்றும் பூட்டியே கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு வேறுபாட்டை மறைக்கக் கூடாது: பர்மாவில் நிலம் நிர்ப்பந்தத்தால் வந்தது, நம் காலத்துச் சாலைக் கம்பெனிகள் சொத்தைத் தாமே விரும்பி ஏற்றுக்கொண்டன.

விரும்பி ஏற்றதன் விளைவு ஹைதராபாத்தில் தெரிந்தது. 69 கிலோமீட்டர் நீளமுள்ள அந்நகர மெட்ரோ பாதையை லார்சன் அண்ட் டூப்ரோ சிறப்பாகவே கட்டி முடித்தது. முதற்பகுதி 2017 நவம்பரிலும் கடைசிப் பகுதி 2020 பிப்ரவரியிலும் திறக்கப்பட்டன. அடுத்த மாதமே கொரோனா ஊரடங்கு வந்து ரயில்கள் நின்றன. நோய் ஓய்ந்த பின்னரும் கட்டண வருமானம் கடன் வட்டிக்கு ஈடுகொடுக்கவில்லை. 2025 செப்டம்பரில் தெலங்கானா அரசே பாதையை ஏற்றுக்கொள்ள இசைந்தது. பொறியாளர்களின் திறமையில் குறை இல்லை. இன்னொருவர் தாங்க வேண்டிய சுமையைக் கட்டியவர் தாங்கியதே குறை.

இதைவிடக் கொடிய உதாரணம் ஐ.எல். அண்ட் எஃப்.எஸ். என்னும் உள்கட்டமைப்பு நிதி நிறுவனம். தமிழ்நாடு அரசின் டிட்கோவுடன் கூட்டுச் சேர்ந்து அது தொடங்கிய தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனம்தான் கிழக்குக் கடற்கரைச் சாலையைச் செப்பனிட்டுத் தந்தது. அந்தப் பணியை நான் மதிக்கிறேன். ஆயினும் நெடுங்காலம் கழித்துப் பலன் தரும் சாலைகளிலும் சுரங்கப்பாதைகளிலும், சில மாதங்களில் திருப்பித் தரவேண்டிய கடனைப் போட்ட அந்நிறுவனம், 2018-இல் தவணை தவறியபோது அதன் குழுமக் கடன் ஏறத்தாழ 91,000 கோடி ரூபாயாக இருந்தது. தவணை வட்டிக்கு வாங்கிய பணத்தைத் தலைமுறைச் சொத்தில் போடலாகாது என்பது நம் ஊர்க் கடைகளில் பெட்டியடிப் பையன்கூட அறிந்திருந்த பாடம்.

ஆகவே சாலைகளை வைத்திருந்த தன் துணை நிறுவனத்தை 2024-இல் லார்சன் அண்ட் டூப்ரோ விற்று வெளியேறியதை நான் பின்வாங்குதலாகக் கருதவில்லை; தன் தொழில் எதுவென்று தெளிந்த செயலாகவே கருதுகிறேன். அத்தகைய சொத்துகளை இருபது முப்பது ஆண்டுகள் காத்திருக்கக்கூடிய ஓய்வூதிய நிதிகளும் இன்விட் என்னும் உள்கட்டமைப்பு முதலீட்டு நிதியங்களும் வைத்திருப்பதே முறை. பல துறைகளில் கால் பதிப்பதும் இந்த அளவிலேயே நன்மை தரும்: சாலை வேலை குறையும் ஆண்டில் குடிநீர் வேலையோ மின்பாதை வேலையோ கைகொடுக்குமானால் அது பலம், ஒவ்வொரு துறையிலும் ஒரு சொத்தை வாங்கி முதலைப் பூட்டிவைப்பது பலம் அன்று.

2016-இல் மத்திய அரசு கொண்டுவந்த ஹைபிரிட் ஆனுவிட்டி முறை, முதல் பூட்டிக்கிடக்கும் இந்தத் துன்பத்தைப் பாதியளவு குறைத்திருக்கிறது. திட்டச் செலவில் 40 விழுக்காட்டை வேலை நடக்கும்போதே அரசு தந்துவிடுகிறது. எஞ்சியதை நிறுவனம் திரட்டிப் போட்டு, 15 ஆண்டுகளில் வட்டியுடன் தவணையாகப் பெறுகிறது. சுங்க வசூல் ஏறினாலும் இறங்கினாலும் அது அரசைச் சார்ந்தது. நிலத்தில் 80 விழுக்காடு கைக்கு வந்த பிறகே வேலை தொடங்கும் நாள் குறிக்கப்படுகிறது என்பதும் நல்ல ஏற்பாடே. எனினும் பாதிக்கு மேற்பட்ட பணம் அப்போதும் 15 ஆண்டுகள் பூட்டியே இருப்பதால், போட்டிக்கு அஞ்சி மிகக் குறைந்த விலைக்கு ஒப்பந்தம் எடுக்கும் கம்பெனிகளை இம்முறையும் காப்பாற்றாது.

நம் பக்கத்திலேயே இதைக் காணும் வாய்ப்பு வந்திருக்கிறது. பரமக்குடியிலிருந்து இராமநாதபுரம் வரையில் 46.7 கிலோமீட்டர் தூரத்துக்கு நான்கு வழிச் சாலை அமைக்க, 1,853 கோடி ரூபாய் மதிப்பில், இதே முறையில் மத்திய அமைச்சரவை 2025 ஜூலையில் இசைவளித்தது. மதுரைக்கும் இராமேசுவரத்துக்கும் இடைப்பட்ட மக்கள் நெடுநாள் வேண்டிய சாலை அது. நன்றாக அமைய வேண்டும் என்பதே என் உளமார்ந்த விருப்பம். இத்தகைய வேலையை ஏற்கும் நிறுவனத்தின் பங்குகளை வாங்க எண்ணுவோர், அதன் ஆண்டறிக்கையில் வேலைகளின் மொத்த மதிப்பைப் படித்த கையோடு, வரவேண்டிய பாக்கி எத்தனை மாதத்து விற்பனைக்குச் சமம், வழக்கிலும் மத்தியஸ்தத்திலும் சிக்கிய தொகை எவ்வளவு, துணை நிறுவனங்களின் கடனுக்குத் தாய்க் கம்பெனி எவ்வளவு ஜாமீன் கொடுத்திருக்கிறது என்ற மூன்றையும் தேடிப் பார்க்க வேண்டும். அறிக்கை வரும்வரை காத்திருக்க மனமில்லாதவர்கள், வேலை நடக்கும் இடத்துக்கே சென்று, ஜல்லி அனுப்பும் கல்குவாரிக்காரரையும் டிப்பர் லாரி வைத்திருப்பவரையும் வடமாநிலத் தொழிலாளரை அழைத்துவரும் மேஸ்திரியையும் கண்டு, அவர்களுக்குப் பணம் எத்தனை நாளில் வருகிறது என்று விசாரிக்கலாம். மேலிடத்தில் ரொக்கம் வற்றத் தொடங்கும்போது முதலில் தள்ளிப்போவது இவர்களுடைய பில்தான்.